பண்ணை வீட்டு நாற்காலி

1

எங்கள் படுக்கையறை ஹீட்டர் கெட்டு மூன்று வாரமாகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் கனம் புரியாது. கனடாவின் வினிப்பெக் நகரத்தில் ஜனவரி மாதம் ஹீட்டர் இல்லாமல் படுப்பதென்றால், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் என் மனைவி சரோஜாவின் புலம்பல். நாங்கள் இருப்பது முதியவர்களுக்காக மாகாண அரசு நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாடகை குறைவு, லிஃப்ட் உண்டு, ஜன்னலைத் திறந்தால் உறைந்த ஆறு தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். வீட்டுவசதித் துறையின் மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் கேள்வித்தாள். இந்தக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் முறையை அப்படியே வைத்திருப்பதா, மாற்றுவதா என்று துறை முடிவு செய்யப்போகிறது. அதற்கு முன்னால் குடியிருப்பவர்களைக் கேட்டு அறிக்கை எழுதுகிறார்களாம். அவளுக்கு வழிகாட்டியாக எங்கள் கட்டடப் பராமரிப்பாளர் டாரில் கூடவே வந்திருந்தார். வந்தவர் போகவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றார்.

"பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உடனே, உடனே!" என்றாள் சரோஜா. "எல்லாம் நல்லா இருக்கு. டாரில் ரொம்ப நல்ல மனுஷன்."

நான் வாயைப் பிளந்துவிட்டேன். அன்று விடிந்ததிலிருந்து அந்த நல்ல மனுஷனை அவள் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து டாக்டர்களையே அதட்டியவள் அவள். பயந்த சுபாவம் கிடையாது.

அவர்கள் போன பிறகு, "ஏன்டி இப்படிச் சொன்னே?" என்றேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டுப் போயிடும். நாளைக்கும் இந்த வாசல்ல நிக்கப்போறது டாரில்தானே? பார்சல் வந்தா மேல தூக்கிட்டு வர்றது யாரு? நாம இங்கதான இருக்கணும்?"

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தப் பதிலை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொன்னவர் பெயர் சாமிக்கண்ணு.

2

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆட்சி மாறி, மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறியிருந்த புதுசு. குத்தகைக்கு உழுகிறவன் பெயரை அரசாங்கமே பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. சட்டம் வந்தது, ஆனால் பெயரைப் பதிய ஆள் வரவில்லை. பல கிராமங்களில் 'எங்கள் ஊரில் குத்தகைதாரரே கிடையாது' என்று கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டார். அது ஏன் என்று நேரில் போய்ப் பார்த்து எழுத ஓர் ஆய்வுக் குழு போட்டார்கள். அதில் நான் கள விசாரணையாளன். எழுதுவதற்கு ஓர் அட்டை, மையொழுகும் பேனா, சர்க்கார் சைக்கிள். அவ்வளவுதான் உத்தியோகம்.

எனக்கு ஒதுக்கியது திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். பெரிய பண்ணை. ஊர் நிலத்தில் முக்கால்வாசி ஒரே வீட்டுக்குச் சொந்தம். மரியாதைக்கு முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பண்ணையாள். மயிலாடுதுறைக்குக் கிழக்கே இன்னொரு ஊரில், இதே மாதிரி ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றே வாழ்நாளைக் கழித்தவர். கல்யாணத்துக்குச் சொல்லப் போனாலும் நின்றபடிதான் சொல்லிவிட்டு வருவார். அப்படிப்பட்டவரின் பிள்ளைக்கு அன்று பண்ணை வீட்டின் முன் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். வெள்ளித் தம்ளரில் மோர் வந்தது. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. சர்க்கார் உத்தியோகம் என்பதால் விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, ஒளிப்பானேன்.

"தெருவுல போய் எங்க உக்காந்து எழுதுவீங்க, தம்பி? நாற்காலியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அவர்கள் காரியஸ்தர். நல்ல தேக்கு நாற்காலி, பிரம்புப் பின்னல், கைப்பிடி வழவழவென்றிருக்கும். பண்ணையாள் ஒருவர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னே போனேன். உழுகிறவர்கள் தெருவில், வேப்பமரத்தடியில் நாற்காலி இறங்கியது. அதில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, இருபத்தாறு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குத்தகைக்கு நிலம் உழுவுறீங்களா?"

"இல்லீங்கய்யா. கூலிங்க."

"அந்த ஆத்தங்கரை வயல் யாரு சாகுபடி?"

"பண்ணையே பாத்துக்கிடுறாங்கய்யா."

இருபத்தாறு பேரும் இதையேதான் சொன்னார்கள். நாற்காலியைத் தூக்கிவந்தவர் மரத்துக்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அரை நாளில் வேலை முடிந்தது. இவ்வளவு சுளுவாக ஒரு கிராமத்தை முடித்தவன் எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் என்று மிதப்பாகச் சைக்கிளை மிதித்தேன்.

3

எங்கள் ஆய்வு அலுவலர் ஞானம் மேடம். என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல், ஆனால் கோபம் அதற்கும் மேல். தஞ்சாவூர் அலுவலகத்தில் என் ஃபாரங்களை ஒன்றொன்றாகப் புரட்டினார். ஏழெட்டு பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பதில்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க உக்காந்து எழுதினீங்க?" என்றார்.

"வேப்பமரத்தடியில மேடம்."

"எதுல உக்காந்து?"

"நாற்காலியில."

"அந்தத் தெருவுல நாற்காலி ஏது?"

சொன்னேன். "ஊர்ல வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்காது ராமலிங்கம். நீங்களா?" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்பாவின் துண்டு கண்முன் வந்து நின்றது. பக்கத்து மேசையில் இருந்த என் சிநேகிதன் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தான்.

"இது இப்படியே சென்னைக்குப் போனா, அந்த ஊர்ல குத்தகைதாரரே இல்லைன்னு சர்க்காரே சொன்ன மாதிரி ஆயிடும். பதிவு முகாம் அங்க போகாது. அப்புறம் பண்ணைக்கு என்ன தடை? அடுத்த போகத்துக்குள்ள ஒவ்வொருத்தரா இறக்கி விட்டுருவாங்க. திரும்பப் போங்க. பண்ணை வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதீங்க. பேரை ஃபாரத்துல எழுதாதீங்க. துண்டுச் சீட்டுல எழுதி, குண்டூசியால குத்திக் கொண்டாங்க."

"எதுக்கு மேடம் துண்டுச் சீட்டு?"

"சொன்னதைச் செய்யுங்க."

இரண்டாம் தடவை ஆற்றங்கரை வழியாக ஊருக்குப் பின்புறமாகப் போனேன். நடவுக்காலம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, கஞ்சி வேளையில் ஈர வரப்பிலேயே உட்கார்ந்தேன். கால்சட்டை பின்பக்கம் முழுக்கச் சேறு. நடவுக்கு வயலைச் சமப்படுத்தப் பரம்படித்துக்கொண்டிருந்த ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்தான் சாமிக்கண்ணு. முதல் தடவை நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்று, 'கூலிங்க' என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

"என்ன தம்பி, இன்னைக்கு நாற்காலி வரலையா?"

அன்று ஐயா, இன்று தம்பி. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"பண்ணை வீட்டு நாற்காலியில உக்காந்து கேட்டா என்ன பதில் வரும்னு தெரியாம எழுதிட்டேன்" என்றேன்.

"எங்களுக்குத் தெரியுமே. அந்த நாற்காலி முன்னாடி நின்னுதான எங்க அப்பன் காலத்துலேர்ந்து பதில் சொல்லிக்கிட்டு இருக்கோம். அதுல யாரு உக்காந்திருந்தாலும் ஒரே பதிலுதான்."

கஞ்சிக் கலயத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். அவர் அப்பா காலத்திலிருந்து குத்தகை. ரசீது கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. நெல்லைக் களத்தில் அளந்து கொடுப்பதோடு சரி. கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் சாகுபடி என்ற இடத்தில் பண்ணையின் பெயர்தான்.

நான் சீட்டை எடுத்ததும் அவர் தயங்கினார். "தம்பி, நீங்க எழுதிக்கிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிடுவீங்க. நாங்கதானே இங்க இருக்கணும்?" என்றார்.

அந்தப் பயம் வெறும் பயம் அல்ல. கூலி உயர்த்திக் கேட்டதற்காகவே கிழக்கே குடிசைகள் எரிந்த காலம் அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க பேர் வெளியே வராது. எங்க அப்பா மேல சத்தியம்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர், "எழுதிக்குங்க" என்றார். அவர் சொன்னதைப் பார்த்து அடுத்த வயல்காரர் சொன்னார். அன்று பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது சீட்டு குத்தியிருந்தேன், மறுநாளே ஃபாரங்களோடு மேடத்திடம் சேர்த்தேன்.

4

சத்தியம் செய்தவனின் யோக்கியதை இப்போது வருகிறது.

அதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகி, சரோஜாவுக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. காகிதமெல்லாம் வந்து, நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கடைசி நாள், விடுவிப்பு உத்தரவை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். வராந்தாவில் அந்தப் பண்ணையின் காரியஸ்தர் எழுத்தரோடு பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஊரு ஃபாரமெல்லாம் எந்த பீரோவுல இருக்கு?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "என்ன தம்பி, நாற்காலி சௌகரியமா இருந்துச்சா?" என்றார்.

ஞானம் மேடம் உள் அறையில்தான் இருந்தார். பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ரயில், சரோஜா மூட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள், உத்தரவில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மேடத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, படியிறங்கிப் போய்விட்டேன். இதை நான் இத்தனை வருடமும் யாரிடமும் சொன்னதில்லை, சரோஜாவிடம்கூட.

இங்கே வந்து இறங்கியபோது விமானநிலைய அதிகாரி என் சான்றிதழைப் பார்த்து, "விசாரணையாளரா? யாரை விசாரித்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்தில், "விவசாயிகளை" என்றேன். "அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?" என்றார். சரோஜா இந்தக் கதையை விருந்துகளில் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே மட்டும் வேறு கேள்விகள் கிடக்கும்.

அந்த பீரோவைத் திறந்தார்களா? சாமிக்கண்ணுவின் பெயரைப் பார்த்தார்களா? அவரை வயலிலிருந்து இறக்கிவிட்டார்களா, இல்லை அதைவிட மோசமாக ஏதாவது நடந்ததா? தங்கராசுவோடு பொங்கலுக்குப் பொங்கல் பேசுகிறேன். அவன் ஓய்வுபெற்று மயிலாடுதுறையில் இருக்கிறான். சர்க்கரை, முழங்கால், பேரப்பிள்ளைகள் என்று ஒரு மணிநேரம் பேசுவோம். இதை மட்டும் கேட்டதில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். ஊருக்குப் போகும்போதெல்லாம், பஸ் திருவிடைமருதூரைத் தாண்டும்வரை அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் மகள் கயல்விழி ஒட்டாவாவில் மத்திய அரசில் வேலை பார்க்கிறாள். வேடிக்கை என்னவென்றால் அவளும் இதே மாதிரி ஒரு மதிப்பீட்டுப் பிரிவில்தான். ஒரு திட்டம் பலன் தந்ததா இல்லையா என்று ஆராய்ந்து மந்திரிக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். நான் தமிழில் பேச, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பேச்சு வானிலையோடு முடிந்துவிடும். 'அப்பா ஊரில் ஏதோ சர்வே எடுத்தார்' என்பதற்கு மேல் என்னைப்பற்றி அவளுக்குத் தெரியாது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான் சொன்னால்தானே தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஹீட்டர் கதையைச் சொன்னேன். சொன்ன வேகத்தில் நாற்காலிக் கதையும் வந்துவிட்டது, காரியஸ்தரும் வந்துவிட்டார். வழக்கம்போல் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறாளோ என்று நினைத்தேன்.

"அப்பா," என்றாள், தமிழில். "இத்தனை வருஷமா ஏம்ப்பா சொல்லலை?" பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, அதிகாரி தோரணையில் உத்தரவு போட்டாள். அந்தப் பெண் கொடுத்த காகிதத்தில் தொலைபேசி எண் இருக்கும், கூப்பிட்டு, பராமரிப்பாளர் இல்லாமல் தனியாக வரச் சொல்லுங்கள்.

5

அந்தப் பெண் புதன்கிழமை தனியாக வந்தாள். நாற்காலி போட்டேன், வேண்டாமென்று சரோஜாவோடு சமையல்கட்டிலேயே நின்றுகொண்டாள். அடை வார்த்துக்கொண்டே சரோஜா முக்கால் மணிநேரம் பேசினாள். ஹீட்டர், ஒழுகும் குழாய், நாலு தரம் சொன்னால் ஒரு தரம் வருவது, அதே சமயம் இத்தனை வீட்டையும் டாரில் என்கிற ஒற்றை மனிதன் தலையில் கட்டியிருப்பது என்று எல்லாம் வந்தது. "அவனைத் திட்டாதீங்க, இன்னொரு ஆளைப் போடச் சொல்லுங்க" என்று முடித்தாள். ஒரு துறைக்கு இதைவிட நல்ல பரிந்துரை கிடைக்காது.

புறப்படும்போது அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். கேள்வித்தாளில் ஓர் எண்ணை மட்டும் எழுதினாள். சரோஜாவின் பெயரைத் தனியாக ஒரு சின்ன அட்டையில் எழுதி, வேறோர் உறையில் போட்டு ஒட்டினாள்.

"எதற்கு இரண்டு?" என்றேன்.

"பெயரும் பதிலும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. தாள் யார் கையில் கிடைத்தாலும் இது யார் சொன்னது என்று தெரியக்கூடாது" என்றாள்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். துண்டுச் சீட்டு. குண்டூசி. 'சொன்னதைச் செய்யுங்க.' ஃபாரத்தில் இடம் போதாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

அந்தப் பெண் லிஃப்டில் இறங்குவதற்குள் தங்கராசுவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

6

"டேய், பொங்கல் போன வாரம்தானடா முடிஞ்சுது" என்றான் எடுத்ததும்.

கேட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டேன். தங்கராசு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தான்.

"அட மடையா, இதையா இத்தனை வருஷமா வயித்துல கட்டிக்கிட்டு இருந்தே? நீ போன மறுநாளே அந்த ஆளு பீரோவைத் திறக்க வச்சுட்டான். யாரோ மேலிடத்துலேர்ந்து சொல்லியிருக்காங்க. கட்டைப் பிரிச்சு ஒண்ணொண்ணாப் பொரட்டுறான். எல்லாத்துலயும் வெறும் நம்பரு. மேல பாத்தா குண்டூசி குத்தின ஓட்டை ரெண்டு, அவ்வளவுதான். மேடம் எதிர்ல உக்காந்துகிட்டு, 'நின்னுக்கிட்டே படிக்கிறீங்களே, நாற்காலி போடச் சொல்லவா?'ங்கிறாங்க!"

"சீட்டெல்லாம் எங்கடா?"

"மேடத்தோட சாப்பாட்டுத் தூக்குல. அடித்தட்டுல. நீ ஃபாரத்தைக் கொண்டாந்து குடுத்த அன்னைக்கே ஊசியைப் பிடுங்கி, சீட்டுலயும் ஃபாரத்துலயும் ஒரே நம்பரைப் போட்டுத் தனித்தனியாப் பிரிச்சுட்டாங்க. அந்த ஆளு போற வரைக்கும் தூக்கை மடியை விட்டு இறக்கலையே. அன்னைக்கு மத்தியானம் அவங்க சாப்பிடவே இல்லை. நான்தான் ரெண்டு இட்லி வாங்கியாந்து குடுத்தேன்."

நான் போனைக் காதில் வைத்தபடி அழுதேன். சரோஜா தோசைத் திருப்பியோடு வந்து, என்ன ஏதென்று தெரியாமல் என் முதுகைத் தடவினாள்.

அறிக்கை அதன் பிறகு சென்னைக்குப் போனதாம். மேடம் அதில் இரண்டு தடவை எடுத்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் ஒருவரும் இல்லை, வரப்பில் உட்கார்ந்து கேட்டால் பத்தொன்பது பேர் என்று எழுதிவிட்டாராம். என் பெயரைப் போடவில்லை, 'விசாரணையாளர்' என்றுதான் எழுதினாராம். அதைப் படித்த யாரோ ஒரு புண்ணியவான் உத்தரவு போட்டிருக்கிறார். எங்கள் தாலுக்காவில் பதிவு முகாமைப் பண்ணை வீடுகளில் நடத்தக்கூடாது, பள்ளிக்கூடத்தில் நடத்த வேண்டும். ரசீது இல்லையென்றால் அக்கம்பக்கத்து உழவர்களின் சாட்சியம் போதும். எல்லாத் தாலுக்காவிலும் இப்படி நடந்ததா என்றால் இல்லை. "நாம எழுதின மத்த ரிப்போர்ட்டையெல்லாம் கரையான் தின்னுட்டுது. இந்த ஒண்ணு தப்பிச்சுது" என்றான் தங்கராசு.

"சாமிக்கண்ணு?" என்றேன்.

"முகாமுக்கு எழுத்தரா நான்தான் போனேன். முதல் ஆளா வந்து நின்னாரு. பேரை எழுதி, கைநாட்டு வாங்கினேன். பண்ணையில மொறைச்சாங்க, ரெண்டு வருஷம் தண்ணி விடுறதுல வம்பு பண்ணாங்க. ஆனா வயலை விட்டு அவரை எறக்க முடியலை. கடைசி வரைக்கும் அந்த மூணு மாவுல அவர்தான் சாகுபடி. இப்ப அவரு மகன் பாக்குறாரு. போன அறுவடைக்குக்கூட நான் அந்த வழியாப் போனேன், நல்ல விளைச்சல்."

பிறகு, நினைவு வந்தவனாகச் சொன்னான். "அன்னைக்கு முகாம்ல என்னைக் கேட்டாருடா, 'அந்த சைக்கிள் தம்பி எங்கங்க?'ன்னு. கனடாவுக்குப் போயிட்டான்னேன். ஒரே சிரிப்பு அவருக்கு. 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அவரு போயிடுவாரு, நாங்க இங்கதான் இருப்போம்னு' அப்படின்னாரு."

போனை வைத்துவிட்டு ஜன்னலருகில் போய் நின்றேன். வெளியே ஆறு கல்லாக உறைந்து கிடந்தது. அன்று வரப்பில் அந்த வார்த்தையை அவர் பயத்தோடு சொன்னார். அதே வார்த்தையைச் சிரித்துச் சொல்ல அவருக்கு ஒரு நாள் வாய்த்திருக்கிறது. அவர் சொன்னது அத்தனையும் பலித்துவிட்டது. நான் போய்விட்டேன். அவர் இருந்தார்.